சக்கரம் நின்றால் நடப்பவர் யார்?



மொரப்பூர் சிறிய ஊர்தான். ஆயினும் தருமபுரி மாவட்டத்தார் எவருக்கும் அதன் பெயர் புதிதன்று. சென்னையிலிருந்து சோலையார்பேட்டை வழியாகச் சேலத்துக்குச் செல்லும் இருப்புப்பாதை இவ்வூரின் வழியே போகிறது. தருமபுரி நகரின் நிலையமோ பெங்களூரிலிருந்து சேலம் செல்லும் வேறொரு பாதையில் உள்ளது. ஆகவே சென்னைக்குப் புறப்படும் தருமபுரியாரும் அரூராரும் பெரும்பாலும் மொரப்பூருக்கே வந்து ரயிலேறுகின்றனர். 1906-இல் மொரப்பூரையும் தருமபுரியையும் இணைக்கும் குறுகிய இருப்புப்பாதை ஒன்று போடப்பட்டது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அப்பாதை மூடப்பட்டது. அதன்பின் வீட்டுக்கும் ரயிலுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடத்தி விடுவது பேருந்தே.

ஆகையால் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் என்பது நமக்குப் பட்டணத்துச் செய்தி மட்டுமன்று. பட்டணத்தில் பேருந்து நின்றால், கூட்டத்தில் நசுங்கியாவது செல்ல மின்சார ரயில் உண்டு, மெட்ரோ உண்டு. நம் ஊர்ப்புறத்தில் காலை ஏழு மணிப் பேருந்து வராவிட்டால், அதன் இடத்தில் வேறொன்று வருவதில்லை. ரயில் தன் நேரத்துக்கு வந்து போகும்; அதில் ஏற வேண்டியவர் சாலையோரத்தில் நின்றுகொண்டிருப்பார்.

அப்படி நிற்பவர் யார் என்று பாருங்கள். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் அல்லர். திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகும் இளைஞர், அரூர் மருத்துவமனைக்கு மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்லும் முதியவர், இலவச அட்டையை நம்பிப் படிக்கும் மாணவி, காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் புறப்பட்ட தாய். 2021 மே மாதத்தில் தமிழக அரசு நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தைத் தொடங்கியது. பேருந்து ஓடாத நாளில் அதே பெண் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அவளது நாட்கூலியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதற்கும் வழியில்லாதவள் நடக்கிறாள். அல்லது அன்றைய கூலியை இழக்கிறாள்.

இதைக் கண்டு நமக்குச் சினம் பிறப்பது இயல்பே. ஆனால் அச்சினம் யார் மேல் விழ வேண்டும் என்பதே இம்மாதம் நாம் எண்ண வேண்டிய கேள்வி. நம் பங்குக் கோவில்களில் ஓட்டுநரும் நடத்துநரும் உண்டு. அவர்களுடைய பேருந்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. ஞாயிறு திருப்பலியில் இரு சாராரும் ஒரே பந்தியில் அமர்கின்றனர். ஒருவர் மற்றவரைப்பற்றித் திங்கட்கிழமை என்ன பேசுகிறார் என்பது ஆண்டவர் கவனிக்காத காரியமன்று.

நம் பகுதி வேலைநிறுத்தத்தை நேற்று இன்று கண்டதன்று. 1974 மே 8 அன்று நாடெங்கும் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கி 20 நாள் நீடித்தது. ஏறத்தாழ 17 இலட்சம் தொழிலாளர் அதில் சம்பந்தப்பட்டிருந்தனர். எட்டு மணி நேர வேலை, போனஸ், மற்றப் பொதுத்துறை ஊழியர்க்கு ஒத்த சம்பளம் ஆகியவை அவர்களுடைய கோரிக்கைகள். தலைமை தாங்கிய ஜார்ஜ் பெர்னாண்டஸ் மங்களூர்க் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; குருவாகும் எண்ணத்தோடு இளவயதில் பெங்களூர்க் குருமடத்தில் பயின்று, பின் அதை விட்டு வெளிவந்தவர். அரசு மிகுந்த கடுமை காட்டிற்று. பல்லாயிரம்பேர் சிறை சென்றனர். பலர் வேலையை இழந்தனர். ரயில்வே குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. கோரிக்கைகள் ஏற்கப்படாமலே வேலைநிறுத்தம் முடிந்தது. ஆனால் 1977-இல் ஆட்சி மாறியபின் வேலை இழந்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டனர். 1979-இல் ரயில்வே தொழிலாளர்க்குப் போனசும் வழங்கப்பட்டது. ஐந்தாண்டு கழித்து நியாயமாகத் தோன்றியதை முன்னரே உட்கார்ந்து பேசியிருந்தால், அந்த 20 நாள் துன்பம் யாருக்கும் வந்திராதல்லவா?

பேருந்துகளின் கதையும் இதுபோன்றதே. 2018 ஜனவரி 4 மாலையில் தமிழகத்தின் அரசுப் போக்குவரத்துக் கழகங்களில் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. பொங்கலுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பாதி வழியில் பயணிகள் இறக்கிவிடப்பட்டனர். பழைய அடிப்படைச் சம்பளத்தை 2.57 ஆல் பெருக்கிப் புதிய சம்பளம் தருக என்றன சங்கங்கள், 2.44 தான் தர இயலும் என்றது அரசு. ரூ. 10,000 அடிப்படைச் சம்பளம் உள்ளவருக்கு இது மாதம் ரூ. 1,300 வேறுபாடு. வெளியார்க்குத் தெரிந்தது இந்த எண் மட்டுமே. உள்ளே வேறு புண் இருந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்க்குப் பணிக்கொடை முதலியவை ஆண்டுக்கணக்கில் கிடைக்கவில்லை. வைப்பு நிதிக்கென்று சம்பளத்தில் பிடித்த பணமும் உரிய இடத்தில் கட்டப்படாமல் அன்றாடச் செலவுக்குப் போகிறதென்று சங்கங்கள் முறையிட்டன. முப்பது ஆண்டு சக்கரம் சுழற்றியவர் மகளின் திருமணத்துக்குத் தம் சொந்தப் பணத்தைக் கேட்டு அலைவாரானால், அவர் மனம் என்ன பாடுபடும்?

சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. தொழிலாளர் பணிக்குத் திரும்பவேண்டுமென்று உத்தரவிட்டது; பின்னர் ஓய்வுபெற்ற நீதிபதி பத்மநாபனைச் சமரசம் செய்ய நியமித்தது. ஜனவரி 11 இரவில் வேலைநிறுத்தம் முடிவுற்றது. இடையில் அனுபவமற்ற தற்காலிக ஓட்டுநர்களைக் கொண்டு வண்டிகளை ஓட்டியதில் சில இடங்களில் விபத்துகளும் நேர்ந்தன. ஜனவரி 20 அன்று, 2011-க்குப் பின் முதன்முறையாகக் கட்டணம் பெருமளவில் உயர்த்தப்பட்டது; மாணவர் தெருவுக்கு வந்தனர்; பிறகு சிறிது குறைக்கப்பட்டது. ஆறு ஆண்டு தள்ளிவைத்த சுமையை ஒரே நாளில் இறக்கி வைத்தால், அது ஏழையின் தலைமேல்தானே விழும்!

2024 ஜனவரி 9 அன்று மீண்டும் ஒரு வேலைநிறுத்தம். ஓய்வுபெற்றோர்க்கு நிலுவையிலிருந்த அகவிலைப்படி, காலிப் பணியிடங்கள், புதிய ஊதிய ஒப்பந்தம் ஆகியவை கோரிக்கைகள். பொங்கல் நேரத்தில் மக்களை வருத்தலாமா என்று உயர் நீதிமன்றம் கேட்டபின், மறுநாளே அது ஒத்திவைக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கருத்தாய்க் காணவேண்டும். 2018-இல் வண்டியை நிறுத்தியவர்களுள் முன்னின்றது அன்றைய எதிர்க்கட்சியின் சங்கம். ஆளுங்கட்சியின் சங்கம் அரசுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. 2024-இல் கட்சிகள் இடம் மாறியிருந்தன. சங்கங்களும் அவ்வாறே இடம் மாறி நின்றன. ஓய்வுபெற்ற ஓட்டுநரின் நிலுவை மட்டும் இடம் மாறாமல் இருந்தது.

இத்தகைய காரியத்தில் திருச்சபை நமக்கு என்ன கற்பிக்கிறது? 1891-இல் பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் (லியோ) தொழிலாளர் நிலையைக் குறித்துப் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். நீண்ட வேலை நேரம், கடும் உழைப்பு, போதாத கூலி ஆகியவையே வேலைநிறுத்தத்துக்குக் காரணங்கள் என்று அவர் கண்டார். அவற்றைச் சட்டத்தால் முன்கூட்டியே நீக்குவது அரசின் கடமை என்றார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், பேச்சுவார்த்தையே முதல் வழி. ஆயினும் வேலைநிறுத்தம் கடைசி ஆயுதமாக இன்றும் தேவைப்படக்கூடும் என்று போதித்தது. 1981-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் (யோவான் பவுல்) இதனை மேலும் தெளிவாக்கினார். வேலைநிறுத்தம் செய்ததற்காகத் தொழிலாளி தண்டிக்கப்படலாகாது. ஆனால் அதனைக் கட்சி அரசியலின் கருவியாக்கலாகாது. மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத பணிகள் எந்நிலையிலும் நடைபெற வேண்டும். தேவையானால் அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்றார். 2025-இல் பொறுப்பேற்ற நம் திருத்தந்தை லியோ என்னும் பெயரைத் தெரிந்துகொண்டதற்கும் அந்த 1891-ஆம் ஆண்டுப் போதனையையே ஒரு காரணமாகக் கூறினார்.

ஆகவே மூன்று கேள்விகளால் நாம் ஒரு வேலைநிறுத்தத்தை எடைபோடலாம். கோரிக்கை நியாயமானதா? மற்ற வழிகள் எல்லாம் முயன்று பார்க்கப்பட்டனவா? நோயாளியும் நாட்கூலியும் தாங்க முடியாத துன்பத்துக்கு ஆளாகாதபடி முன்னெச்சரிக்கை செய்யப்பட்டதா? முதற்கேள்விக்கு ஆம் என்று சொல்ல முடிந்தாலும், மூன்றாவதற்கு இல்லை என்றால், அந்த வேலைநிறுத்தத்தில் குறை உண்டு. அதுபோலவே, முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை கிடைத்த பின்னும் ஆண்டுக்கணக்கில் காலம் கடத்திய நிர்வாகம், நின்றுபோன வண்டிக்குத் தானும் பொறுப்பாளியாகிறது.

முன்னறிவிப்பு என்பது சட்டத்திலும் உண்டு. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் பொதுப் பயன்பாட்டுப் பணிகளில் முன்னறிவிப்பின்றி வேலைநிறுத்தம் செய்வதைத் தடை செய்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு, அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியவேண்டும் என்பதை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரிவாக்கியுள்ளது. ஆனால் தடை மட்டும் போதாது. நியூயார்க் நகரில் அரசுப்பணியாளர் வேலைநிறுத்தத்தைச் சட்டம் தடுக்கிறது. இருந்தும் 2005 டிசம்பரில், கிறிஸ்து பிறப்புக்குச் சில நாள் முன்பு, பேருந்தும் பாதாள ரயிலும் மூன்று நாள் நின்றன. குளிரில் மக்கள் பாலங்களை நடந்தே கடந்தனர். சங்கத்துக்குப் பெருந்தொகை அபராதம் விழுந்தது. பிரான்சு நாடோ 2007-இல் வேறு வழி கண்டது. வேலைநிறுத்தத்தில் சேரும் போக்குவரத்து ஊழியர் 48 மணி நேரத்துக்கு முன் அதைத் தெரிவிக்கவேண்டும். நிர்வாகம் எந்த வண்டி ஓடும், எது ஓடாது என்று மக்களுக்கு முன்னரே அறிவிக்கவேண்டும். ஜப்பானில் ஒகயாமா நகரப் பேருந்து ஓட்டுநர்கள் 2018-இல் செய்தது இன்னும் வியப்பானது. அவர்கள் வண்டியை நிறுத்தவில்லை. பயணக் கட்டணம் வாங்குவதை மட்டும் நிறுத்தினர். முதலாளிக்கு நெருக்கடி வந்தது; பயணி வீடு போய்ச் சேர்ந்தார். எல்லா இடத்திலும் இது ஒத்துவராது. ஆயினும் ஏழையை வருத்தாமல் உரிமை கேட்க வழி தேடினால் கிடைக்கும் என்பதற்கு இது சான்று.

இனி நாம் செய்யத் தக்கவை யாவை? முதலாவது, வேலைநிறுத்தச் செய்தி வந்தவுடன் பங்கிலுள்ள அன்பியங்கள் கூடி, மருத்துவமனைக்குக் கட்டாயம் செல்ல வேண்டியவர் யார், தேர்வு எழுதும் பிள்ளைகள் யார் என்று கேட்டறியலாம். வாகனமுள்ள வீட்டார் அவர்களை ஏற்றிச் செல்லலாம். இரண்டாவது, நம்மில் ஆட்டோவும் வேனும் ஓட்டுவோர் அந்நாளில் கூடுதல் பணம் பறிக்காதிருக்க வேண்டும். பிறர் தவிப்பில் பெற்ற காசு வீட்டில் தங்காது. மூன்றாவது, சங்கத்தில் உள்ள நம் சகோதரர்கள், அடுத்த முறை கூட்டத்தில் எழுந்து, முன்னறிவிப்புக் கொடுப்போம், பாதி வழியில் எவரையும் இறக்கிவிடோம் என்று பேச வேண்டும். கத்தோலிக்கத் தொழிலாளி தன் சங்கத்துக்குச் செய்யும் நற்பணி அதுவே. நான்காவது, பேருந்தில் ஏறும் நாம், வேலைநிறுத்தம் முடிந்த மறுநாள் நடத்துநரை ஏசாமல், உங்கள் நிலுவை வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

கடைசியாக ஒன்று. கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று பழைய ஏற்பாடு கட்டளையிடுகிறது. பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அக்குரல் ஆண்டவர் செவிக்கு எட்டுகிறது என்று யாகப்பர் தம் திருமுகத்தில் எச்சரிக்கிறார். இவ்வார்த்தைகள் அரசுக்கும் கழகத்துக்கும் மட்டும் உரியனவல்ல. நம் நிலத்தில் களை பறித்தவளுக்கும் நம் வீடு கட்டிய கொத்தனாருக்கும் நாம் எத்தனை நாள் கழித்துக் கூலி கொடுக்கிறோம்? அடுத்த வாரம் வா என்று எத்தனை முறை சொல்லுகிறோம்? அவர்களுக்குச் சங்கமில்லை, அவர்கள் வேலையை நிறுத்தினால் எந்தப் பேருந்தும் நிற்காது, எந்தப் பத்திரிகையும் எழுதாது. ஓட்டுநரின் நிலுவைக்கு நியாயம் கேட்கும் வாய், தன் வீட்டு நிலுவையை இந்தச் சனிக்கிழமைக்குள் தீர்த்துவிட்டுக் கேட்கட்டும்.