பூங்கா வாசலில் ஒரு கேள்வி



ஞாயிறு மாலையில் தியாகராய நகர் நடேசன் பூங்காவிற்கோ, மயிலை நாகேஸ்வரராவ் பூங்காவிற்கோ, பெசன்ட் நகர்க் கடற்கரைக்கோ சென்று பாருங்கள். இந்தியிலும் வங்க மொழியிலும் ஒடியாவிலும் உரையாடியபடி நாலைந்து இளைஞர்கள் ஓரமாக அமர்ந்திருப்பர். மயிலையிலும் பனகல் பூங்காவிலும் அடையாற்றிலும் மண்ணுக்கடியில் மெட்ரோ ரயில் பாதை அமைவது இத்தகையோரின் உழைப்பால் அன்றோ! 118.9 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த இரண்டாம் கட்டப் பணி முடிந்ததும் பயணம் செய்யப்போவது நாம். ஊர் திரும்பிவிடுவது அவர்கள்.

“இவர்களுக்கென்று எங்கேனும் ஒதுக்குப்புறமாக ஓர் இடம் அமைத்துக் கொடுத்துவிட்டால் என்ன?” என்று சிலர் கேட்கின்றனர். கேட்பதற்கு இது கருணையாகவே தோன்றுகிறது. ஆயினும், விடை கூறுமுன் நம் வீட்டுக் கதையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சபுராளி இல்லாத குடும்பம் நம்மில் எத்தனை?

கத்தார் நாட்டுத் தலைநகர் தோஹாவில் சில பேரங்காடிகள், வார ஓய்வு நாளான வெள்ளிக்கிழமையன்று “குடும்பத்தினர்க்கு மட்டும்” என்று விதி வகுத்திருந்தன. குடும்பத்தை ஊரில் விட்டு வந்த தொழிலாளிக்கு அங்கே வாசலோடு சரி. பின்னர், தொழிற்பேட்டைப் பகுதியில் திரையரங்கு, கடைகள், கிரிக்கெட் திடல் ஆகியவற்றுடன் “ஏசியன் டவுன்” எழுந்தது. வசதி நல்லதுதான், எனினும், நகரின் நடுவே மூடிய கதவுக்கு அது ஈடாகுமா?

சிங்கப்பூரையும் பாருங்கள். 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்தார், கலவரம் மூண்டது. அதன்பின், தொழிலாளர் விடுதிகளை அடுத்துப் பொழுதுபோக்கு மையங்கள் அமைப்பதில் வேகம் கூடியது. 2020-இல் பெருந்தொற்று பரவியபோது, விடுதிகளிலிருந்த சுமார் 3 லட்சம் பேர் வெளியே வர இயலாது அடைபட்டனர். நகர மக்கள் நடமாடத் தொடங்கிய பின்னரும், இவர்களுக்கு நெடுங்காலம் அம்மையங்களே எல்லையாயின. 2022 ஜூனில் விதி தளர்ந்தபோதும், ஞாயிறன்று லிட்டில் இந்தியா உள்ளிட்ட நான்கு இடங்களுக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. வசதியாகத் தொடங்கியது வேலியாக மாறிய விதம் இதுவே.

ஆகவே, வசதி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. வேண்டும் என்றே கூறுகிறோம். தகரக் கொட்டகையில் பத்துப் பேரோடு படுத்துறங்குபவனுக்குக் காற்றோட்டமான கூடமும், அவன் மொழியில் செய்தித்தாளும், பந்து விளையாடத் திடலும் தேவை. வெளிமாநிலத் தொழிலாளர்க்கென 1979-இல் இயற்றப்பட்ட சட்டம் இருப்பிடம், மருத்துவம், பயணப்படி ஆகியவற்றைப் பேசியது. திடலும் படிப்பகமும் அப்பட்டியலில் இல்லை. அக்குறையை மாநகராட்சியும் ஒப்பந்தக்காரர்களும் நீக்கட்டும். ஆனால் அவ்விடம் தங்குமிடத்திற்கு அருகில் இருக்கட்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் அங்கே விளையாடட்டும். அதைக் காரணம் காட்டிப் பொதுப் பூங்காவின் கதவு ஒருவனுக்கும் அடைபடலாகாது.

பெண்களும் குழந்தைகளும் வரும் இடமாயிற்றே என்று அஞ்சுவோரின் கவலையைப் புறந்தள்ளிவிட முடியாது. விளக்கும் காவலும் அதற்கு உண்டு. தவறு செய்தவன் எம்மொழியினன் ஆயினும் தண்டிக்கச் சட்டமும் உண்டு. மொழியைக் கொண்டு ஒரு கூட்டத்தையே விலக்குவது காவல் அன்று, அநீதி.

இன்று ஜும்ஆவிற்குச் செல்கிறோம். நம் ஸஃப்பில், சிமெண்டுத் தூசு படிந்த கையோடு பீகாரிலிருந்தோ வங்கத்திலிருந்தோ வந்த ஓர் இளைஞர் தோளோடு தோள் சேர்ந்து நிற்கக் கூடும். அவருக்கெனத் தனி ஸஃப்பு வேண்டும் என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. பள்ளிவாசலில் நகர்ந்து இடம் தந்த நாம், பூங்காவின் இருக்கையிலும் சற்றே நகர்ந்து அமரலாகாதா?

வரும் ஞாயிறன்று அதனைச் செய்து பாருங்கள். ஊர் எது, உண்டாயா என்று இரண்டு சொல் கேளுங்கள். கடல் கடந்த நாட்டில் நம் பிள்ளையை எவரேனும் அவ்வாறு கேட்க மாட்டாரா என்று ஏங்கியவர்கள் அல்லவா நாம்!