முதலில் தண்ணீர், பிறகுதான் எண்ணெய்

சேக்காடு, ஆவடி வட்டாரத்தில் ஆர்மரர்களுக்குப் பஞ்சமில்லை. சிறப்புக் காவல் படையிலும் மத்திய ரிசர்வ் படையிலும் ஆயுதம் பார்த்த கைகள் இங்கே நிறைய. ஆனால் அந்தக் கைகள் பழகியது புகையற்ற மருந்துக்கு. அதே பழக்கத்தோடு கருமருந்து ரிவால்வரின் நகலைத் தொடுவதால்தான் நல்ல துப்பாக்கிகள் கெடுகின்றன. சிலிண்டர் இறுகினால் எண்ணெய் விடுவது, அதற்கும் அசையாவிட்டால் அரத்தை எடுப்பது: இவ்விரண்டையும் கைவிட வேண்டும்.

கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பிறகு இதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கழிவாகவே மிஞ்சும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். அவை தண்ணீரில் கரையும், பெட்ரோலிய எண்ணெயில் கரையா. எண்ணெய் பட்டால் கழிவு தார்போல் குழைந்து விசைப்பகுதிக்குள் இறங்கிவிடும். அந்த உப்புகளில் ஒன்றான பொட்டாசியம் கார்பனேட் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சுட்ட துப்பாக்கியைக் கழுவாமல் ஓர் இரவு விட்டாலே துரு ஏறத் தொடங்கும்.

1851 கோல்ட் நேவியின் இத்தாலிய நகல்களை எடுத்துக்கொள்வோம். முதலில் ஒவ்வோர் அறையும் காலியா, நிப்பிள்களில் மருந்தைப் பற்றவைக்கும் கேப் இல்லையா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். சுத்தமான துப்பாக்கியிலேயே சிலிண்டர் இறுகினால், குழலைச் சட்டத்தோடு பிணைக்கும் ஆப்பைப் பாருங்கள். அது ஆழமாக இறங்கியிருந்தால் குழலின் பின்முகம் சிலிண்டரை உரசும். ஆப்பைச் சற்றே வெளியே தட்டினால் போதும். நாலைந்து முறை சுட்ட பிறகு இறுகினால், நடு அச்சில் கழிவு படிந்திருக்கிறது. சுத்தி பாதியில் நின்றால், உடைந்த கேப்பின் செம்புத் துணுக்கு உள்ளே விழுந்திருக்கலாம். கேப் வெடித்தும் மருந்து பற்றவில்லையென்றால் துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்துக் காத்திருங்கள். மருந்தை அகற்றிய பிறகே நிப்பிள் துளையைச் சோதியுங்கள். இவையெல்லாம் சரியாக இருந்தும் அறை குழலுக்கு நேராக வந்து நிற்காவிட்டால் மட்டுமே ஸ்பிரிங்கையும் பூட்டுநாக்கையும் சந்தேகிக்கலாம். 1857 கிளர்ச்சியில் பிரிட்டிஷ் அதிகாரிகள் வைத்திருந்த ஆடம்ஸ் ரிவால்வரில் சட்டமும் குழலும் ஒரே இரும்பு. அதில் ஆப்புத் தொல்லையே இல்லை.

கழுவும்போது கைப்பிடி மரத்தைக் கழற்றிவிடுங்கள். வெந்நீரும் சிறிது சோப்பும் பிரஷ்ஷும் போதும். ஆனால் கடைசி அலசலுக்கு நம் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பே துருவை வரவழைக்கும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் துடைத்து, முழுக்க உலர்ந்ததும் மெல்லிய எண்ணெய் பூசுங்கள். எண்ணெய்க்கு இடம் இங்கேதான்.

இந்த முறை நகலுக்கு மட்டுமே. சென்னை புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் இருப்பதுபோன்ற அசல் ஆயுதத்தை ஒருநாளும் இப்படிக் கழுவக் கூடாது. அதன் மேற்பரப்பின் பழைய நிறமே வரலாற்றுச் சான்று, சுரண்டினால் திரும்பாது. குழலின் வாய்வழியே நிரப்பும் பழைய துப்பாக்கிகளுக்குள் மருந்தும் குண்டும் இன்னும் கிடப்பதும் உண்டு. குழலின் உள் ஆழத்தை மரக்குச்சியால் அளந்து வெளி நீளத்தோடு ஒப்பிடாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் 1930-களிலிருந்து இயங்குகிறது. அசல் பொருள் கைக்கு வந்தால் அத்தகைய நிபுணர்களிடம் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

'நகல்தானே' என்று சொல்லிக்கொண்டு யாராவது பழுதுபார்க்கக் கொண்டுவந்தால் உரிமத்தைக் கேளுங்கள். சுடக்கூடிய நகல், 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியே. அதைப் பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். உரிமமுள்ள தோழர்கள், தங்கள் பொறுப்பில் இருக்கும் கருமருந்து ஆயுதங்களை அக்டோபர் மழைக்கு முன் ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட வேண்டுகிறோம்.