தாயக்கட்டையின் தர்மம்

பரமபத சோபானத்தை அறம் போதித்த விளையாட்டு என்று கொண்டாடும் பேச்சு நம்மிடையே அவ்வப்போது தலைதூக்குகிறது. வைகுண்ட ஏகாதசி ராத்திரியில் கண்விழிக்க ஆடியது. ஏணி புண்ணியம், பாம்பு பாவம். ஆகவே ஆடியவன் ஒழுக்கம் கற்றான் என்பது வாதம்.

எப்படிக் கற்றான்? பாம்பின் வாயில் விழுந்தவன் செய்த பாவம்தான் என்ன? கட்டையில் 6 விழுந்தால் 6 கட்டம் போயாக வேண்டும். நிற்கவோ விலகவோ அவனுக்கு இடமில்லை. தேர்வே இல்லாத இடத்தில் பாவ புண்ணியப் பேச்சு வெறும் அலங்காரம். ஊழுக்கும் சட்டத்துக்கும் நாம் ‘விதி’ என்ற ஒரே சொல்லை வைத்திருப்பது இந்த ஆட்டத்துக்கு வெகு சௌகரியமாகப் போயிற்று.

இதைவிட ஆடுபுலி ஆட்டம் யோக்கியமானது. 3 புலி, 15 ஆடு. புலி தாண்டி வெட்டும். ஆடுகள் கூடிப் புலியை அடைக்கும். யார் நல்லவர் என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை. யோசித்துக் காயை நகர்த்து என்பதோடு நிறுத்திக்கொள்கிறது.

தேர்வுக்கு இடம் தந்த ஆட்டம் ஒன்று 1974ல் அமெரிக்காவில் வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. மேஜையைச் சுற்றி நாலைந்து பேர். ஒவ்வொருவரும் ஒரு பாத்திரம். ஒருவர் கதை நடத்தித் தீர்ப்பும் சொல்கிறார். ‘என்ன செய்யப் போகிறாய்?’ என்ற கேள்வி அங்கே நிஜமாகவே கேட்கப்படுகிறது. அந்த ஆட்டத்திலும் விதிப்புத்தகம் முந்திக்கொண்டது. ஒழுங்கின் பக்கம், குழப்பத்தின் பக்கம், நடுநிலை என்று பாத்திரங்களுக்கு முத்திரை. ‘ஆர்க்’ என்ற இனம் பிறவியிலேயே தீயது. அதைக் கொன்று பொன்னைக் கொள்ளையடித்தால் கிடைப்பது அனுபவப் புள்ளி. இந்தப் பிறவித் தீமையைத் திருத்துகிறோம் என்று அதை வெளியிடும் நிறுவனம் பகிரங்கமாகச் சொன்னது 2020ல்தான்.

மேல்நாட்டுச் சிறுபிள்ளை விளையாட்டு, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் 1871ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை நினைத்துப் பார்க்கட்டும். அதுவும் ஒரு விதிப்புத்தகம்தான். 1911ல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமையில் மறவர்களில் ஒரு பகுதியினரும் அதில் சிக்கினார்கள். திருடியிருக்க வேண்டியதில்லை, பிறந்திருந்தால் போதும். ரேகை வைக்க வேண்டும், ராத்திரியில் ஆஜராக வேண்டும். சென்னையில் அது ரத்தானது 1947ல். காகிதத்தில் ஆர்க்; ஊரில் மனுஷன். முத்திரை குத்தும் மனோபாவம் ஒன்றேதான்.

அப்படியானால் அறம் எங்கே பிறக்கிறது? விதி தருகிற பரிசை வேண்டாமென்று ஒருவன் தள்ளும்போது. தீர்ப்புச் சொல்பவனையே ஒருத்தி கேள்வி கேட்கும்போது. நெல்லையில் வளர்ந்த புதுமைப்பித்தன் 1943லேயே இதைச் செய்து காட்டிவிட்டார். ‘சாப விமோசன’த்து அகலிகைக்கு ஏணி கிடைத்துவிட்டது, ராமன் மீட்டுவிட்டான். அதே ராமன் கேட்டுச் சீதை நெருப்பில் இறங்கினாள் என்று அறிந்ததும் அவள் மறுபடி கல்லாகிறாள். விதிப்படி அவள் ஜெயித்தவள். அந்த ஜெயத்தை அவள் ஏற்கவில்லை. எந்தப் பரமபதப் படத்திலும் இந்த நகர்வுக்குக் கட்டம் கிடையாது.

இது விளையாட்டைப் பற்றிய சில்லறைத் தகராறு அல்ல என்பது நம் விமர்சகர்களுக்குப் புரியாமல் இராது. எழுத்தாளனுக்கு முதலில் முற்போக்கு, பிற்போக்கு என்று கட்டம் ஒதுக்கிவிட்டு, அப்புறம் கதையைப் புரட்டி, ஏணியில் ஏற்றுவதும் பாம்புக்கு எறிவதும் இங்கே விமர்சனமாக நடமாடுகிறது. கதைக்குள் ஒரு பாத்திரம் எந்த இடத்தில், எதை இழந்து, எதைத் தேர்ந்தது என்று பார்க்க யாருக்கும் பொறுமையில்லை. அந்தப் பார்வை இல்லாமல் தார்மீகம் பேசுபவர் உருட்டுவது கட்டையைத்தான். பரமபதப் படத்தைச் சுவரில் மாட்டி ரசியுங்கள், ஆட்சேபமில்லை. அதை அளவுகோலாக்கிப் படைப்பின்மேல் வைக்க வேண்டாம்.