எந்த கேஸ் என்று தெரியாமல் ஏற்றக்கூடாது: கார் ஏசி பழுதுபார்ப்போர் சங்கத்தின் நிலைப்பாடு

“கூலிங் வரல, கேஸ் ஏத்திக் குடுங்க” என்று வந்து நிற்கும் வண்டிக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே சிலிண்டரைத் திறக்கும் பழக்கம் நிற்க வேண்டும் என்று கார் ஏசி பழுதுபார்ப்போர் சங்கம் தன் உறுப்பினர்களிடமும் வண்டி உரிமையாளர்களிடமும் கேட்டுக்கொள்கிறது.

பட்டறைக்கு இன்று மூன்று தலைமுறை கேஸ்கள் வருகின்றன: பழைய வண்டிகளில் ஆர்-12, பெரும்பாலான கார்களில் ஆர்-134ஏ, இறக்குமதியாகும் சில புதிய கார்களில் ஆர்-1234ஒய்எஃப். கேஜ் போட்டால் தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். தெரியாது. 25 டிகிரி வெயிலில் இன்ஜின் ஆஃப் ஆகி நிற்கும் வண்டியில் ஆர்-12, ஆர்-134ஏ இரண்டுமே ஐந்தரை பாரை ஒட்டித்தான் முள்ளை நிறுத்தும். பானெட்டைத் திறந்து சர்வீஸ் வாயைப் பார்ப்பது அதைவிட மேல். ஆர்-12 வாயில் மரை இருக்கும். ஆர்-134ஏ வாய் வழவழப்பாக, லோ பக்கம் 13 மில்லிமீட்டர், ஹை பக்கம் 16 மில்லிமீட்டர் என்று இருக்கும். ஆனால் மரை வாயின் மேல் அடாப்டரைத் திருகிவிட்டு, உள்ளே இரண்டு கேஸும் கலந்து கிடக்கும் வண்டிகளும் உண்டு. ஐடென்டிஃபயர் கருவி ஒன்றுதான் இதைச் சரியாகச் சொல்லும். ஒரே கேஸ் 98 சதவீதத்துக்குக் கீழே காட்டினால், அதைத் தனி சிலிண்டரில் இறக்க வேண்டும். சிறிய பட்டறைகளுக்குக் கருவியின் விலை பாரம்தான். ஒரு தெருவில் நாலு கடை இருந்தால், சேர்ந்து ஒன்று வாங்கலாம் என்பது சங்கத்தின் யோசனை.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2011இல் குளிர்பதனக் கப்பல் கன்டெய்னர்கள் வெடித்து, வியட்நாமிலும் பிரேசிலிலும் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆர்-134ஏ என்று ஏற்றப்பட்ட கேஸில் மீத்தைல் குளோரைடு கலந்திருந்தது. அது அலுமினியத்தோடு வினைபுரிந்து, காற்றுப் பட்டாலே தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கியது. கார் கண்டென்சரும் அலுமினியம்தான்.

ஆர்-12 வண்டியை ஆர்-134ஏவுக்கு மாற்றுவதைச் சங்கம் ஆதரிக்கிறது. ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987 மான்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் உலகம் விலக்கிய கேஸ் அது. இந்தியாவும் 2010க்குள் கைவிட்டுவிட்டது. ஆனால் கேஸை மட்டும் மாற்றுவது மாற்றம் ஆகாது. பழைய மினரல் ஆயில் ஆர்-134ஏவில் கலக்காது. கேஸ் சுற்றிவரும், ஆயில் கம்ப்ரசருக்குத் திரும்பாமல் எவாப்பரேட்டரிலேயே தங்கிவிடும். கொஞ்ச காலம் கூலிங் நன்றாகவே இருக்கும், பிறகு காய்ந்துபோன கம்ப்ரசர் பிடித்துக்கொள்ளும். எனவே பழைய கேஸைக் காற்றில் விடாமல் ரெகவரி மெஷினில் பிடித்து, ஆயிலை வடித்து, எஸ்டர் அல்லது பேக் ஆயில் ஊற்றி, ட்ரையரையும் ஓ-ரிங்குகளையும் மாற்றி, வேக்யூம் போட்ட பிறகே புதிய கேஸ் ஏற வேண்டும். அதுவும் பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம்தான். இதற்கு ஆகும் நேரத்தையும் செலவையும் முதலிலேயே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுவது மெக்கானிக்கின் கடமை.

வண்டியின் ஏசியில் எல்பிஜி ஏற்றுவதைச் சங்கம் முற்றிலும் எதிர்க்கிறது. எவாப்பரேட்டர் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. அது கசிந்தால் தீப்பிடிக்கும் கேஸ் வண்டிக்குள் இருப்பவர்கள் மீதே வரும்.

ஆர்-1234ஒய்எஃப் விலை அதிகம் என்பதற்காக அந்த வண்டியில் ஆர்-134ஏ ஏற்றுவதையும் ஏற்பதற்கில்லை. ஆர்-134ஏ கரியமில வாயுவைவிட சுமார் 1,430 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். அரை கிலோ வெளியேறினால் 700 கிலோ கரியமில வாயுவுக்கு மேல் விட்டதற்குச் சமம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் எல்லாப் புதிய கார்களிலும் அதைத் தடை செய்ததற்கு இதுதான் காரணம்.

வேலை முடிந்ததும் பானெட்டின் உட்புறம் ஒரு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும்: கேஸின் பெயர், எத்தனை கிராம், எந்த ஆயில், தேதி, பட்டறையின் பெயர். பழைய ஸ்டிக்கரைக் கிழிக்காமல், அழியாத மையால் குறுக்கே கோடு போட்டால் போதும். அடுத்து பானெட்டைத் திறப்பவருக்கு வண்டியின் கதை முழுவதும் தெரிய வேண்டும்.