மைக் கொடுத்தோம், மணி கொடுக்கவில்லை

நம் பிள்ளைகள் நன்றாகப் பேசுவார்கள். சும்மா சொல்லக் கூடாது. ஆறாம் ஆண்டுப் பிள்ளை ஒன்றை மேடையில் ஏற்றிவிட்டால் போதும், கையை வீசி, குரலை உயர்த்தி, தாய்மொழியின் பெருமையை ஐந்து நிமிடம் பொழிந்துவிட்டு இறங்கும். எழுதிக் கொடுத்தவர் ஆசிரியர், மனப்பாடம் செய்ய வைத்தது அம்மா, கைதட்டியது நாம். அதே பிள்ளை மூன்று வருடம் கழித்துப் பாயான் பாருவில் ஏதோ ஓர் இடைநிலைப்பள்ளியில், படிவம் மூன்றில் உட்கார்ந்திருக்கும். அப்போது அதனிடம் தமிழில் ஒரு கேள்வி கேட்க யாருக்காவது தோன்றியிருக்கிறதா? பேசு என்கிறோம், பாடு என்கிறோம், ஆடு என்கிறோம். உனக்கு என்ன தெரியும் என்று மட்டும் கேட்பதில்லை.

பள்ளி அணிகள் மோதும் வினாடி வினாவை, இங்கே நாம் புதிர்ப்போட்டி என்போமே, அதைத்தான் சொல்கிறேன். ஒலிபரப்பில் அது பழைய சரக்கு. பிபிசி வானொலி 1948-இல் 'டாப் ஆஃப் த ஃபார்ம்' என்று தொடங்கியது. இரண்டு பள்ளிகள், இரண்டு மண்டபங்கள், நடுவில் ஒரு தொலைபேசிக் கம்பி, இந்தப் பக்கம் ஒரு வினா ஆசிரியர், அந்தப் பக்கம் ஒருவர். அவ்வளவுதான் செலவு. 38 வருடம் ஓடியது. கனடாவில் 1961-இல் 'ரீச் ஃபார் த டாப்' வந்தது. அலெக்ஸ் டிரெபெக் பழகியதெல்லாம் அங்கேதான். அதே வருடம் வாஷிங்டனில் தொடங்கிய 'இட்ஸ் அகடமிக்' நிகழ்ச்சியை மேக் மெக்காரி என்ற ஒரே மனிதர் ஐம்பது வருடம் நடத்தினார். ஐம்பது வருடம்! அந்த ஊரில் அப்பாவும் மகளும் ஒரே ஆளிடம் பதில் சொல்லியிருக்கலாம்.

இந்தியாவில் போர்ன்விட்டா வினாடி வினா 1972-இல் வானொலிக்கு வந்தது. முதலில் ஹமீத் சயானி, அவர் இறந்தபின் தம்பி அமீன் சயானி. இந்தியில் பினாக்கா கீத்மாலாவைக் கொண்டாட்டமாக்கிய அதே குரல், பள்ளிப் பிள்ளைகளிடம் வந்ததும் ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டது. 1992-இல் ஸீ டிவிக்குப் போனபோதும், டெரிக் ஓ'பிரையன் கேட்டதும் ஆங்கிலத்தில்தான். அறிவு என்றால் ஆங்கிலம் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஒவ்வொரு வாரமும் காதில் விழுந்தது, போதாதா?

தமிழுக்கு வினாடி வினா எப்படி வந்தது? 2000-இல் சன் டிவியில், சரத்குமாரோடு, கோடீஸ்வரனாக வந்தது. ஒரு நாற்காலி, ஒரு வளர்ந்த மனிதர், ஒரு கோடி. அணி இல்லை, பள்ளி இல்லை. தெரிந்து வைத்துக்கொண்டால் காசு கிடைக்கும் என்பதுதான் அது சொல்லிக்கொடுத்த பாடம். பள்ளி அணிகளுக்கு என்று தமிழில் முளைத்தவை இல்லாமல் இல்லை. பிபிசியைப் போல ஒரு தலைமுறை நின்ற ஒன்றை யாராவது காட்டட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இலக்கிய நண்பர்கள் உடனே மூக்கைச் சுளிப்பார்கள் என்று தெரியும். குவிஸ் வெறும் தகவல்தானே, வாசிப்பு வேறு அல்லவா என்பார்கள். கேள்வியைப் பொறுத்தது அது. "திருக்குறளில் எத்தனை அதிகாரம்?" என்பது கேள்வியே இல்லை, வருகைப்பதிவு. அமெரிக்கப் பள்ளிப் போட்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கடினமான துப்பில் தொடங்கி எளியதில் முடியும். ஆழப் படித்தவர் முதல் வரியிலேயே மணியை அடிப்பார், மேலோட்டமாகத் தெரிந்தவர் கடைசிவரை காத்திருக்க வேண்டும். தமிழில் அமைத்துப் பாருங்கள்: 'ஸட் எச் ஜே என்ற அழைப்புக் குறியோடு 1934-இல் இவ்வூர்ச் சங்கம் ஒன்று வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் அதில் ஒலித்தது. 1972-இல் இதன் தென்கிழக்கில் சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. கொம்தார் கோபுரம் உள்ள இந்தத் தீவு எது?' நம்மில் எத்தனை பேர் கொம்தார் வரை காத்திருப்போம்? தொண்ணூறு வருடத்துக்கு முன்பே தமிழ் ஒலிபரப்பான ஊரில் உட்கார்ந்துகொண்டு!

பிபிசி 1986-இல் நிகழ்ச்சியை நிறுத்தியபோது, பிள்ளைகளை மோதவிடுவது இன்றைய கல்விச் சிந்தனைக்கு ஒத்துவராது என்று ஒரு காரணம் சொன்னார்கள். நல்ல மனசு. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பேச்சுப் போட்டியில் அழ வைத்துவிட்டு, பதினைந்து வயதுக்காரனுக்குப் போட்டி ஆகாது என்று நாம் சொன்னால் சிரிப்பார்கள்.

பதினைந்து வயதுதான் இங்கே விஷயம். இந்த நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலையில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே, அதுவும் பெற்றோர் கேட்க வேண்டும், பதினைந்து பேராவது சேர வேண்டும். 2009-இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தோடு நிறுத்தப் பார்த்தபோது சண்டை போட்டுத்தான் பத்துக்கு மேல் இரண்டு வாங்கினோம். வாங்கிய இடத்தில் பிள்ளையை உட்கார வைக்க என்ன செய்தோம்? அறிவியல் மலாயில், யூடியூப் ஆங்கிலத்தில், தமிழ் வீட்டில் திட்டு வாங்க. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் அம்மா ஷிப்ட் வேலை பார்க்கிறார். அங்கே செய்வது குறைகடத்தி என்று அந்தப் பிள்ளையிடம் தமிழில் சொன்னவர் யார்?

பணம் இல்லை, பார்க்க ஆள் இல்லை என்பதெல்லாம் சாக்கு. சிங்கப்பூர்த் தமிழர்கள் நம்மைவிடச் சிறிய கூட்டம். சொற்களம் என்று பள்ளி மாணவர்களை விவாதிக்க வைத்து வசந்தத்தில் ஒளிபரப்புகிறார்கள். எதிரணி என்ன சொல்லும் என்பதை முழுக்க மனப்பாடம் செய்துவிட்டுப் போக முடியாதே, அந்த அளவில் அது நம் மேடைகளைவிட ஒரு படி மேல். வினாடி வினாவுக்கு அந்தச் செலவுகூட ஆகாது. எட்டு நாற்காலி, இரண்டு மணி, கேள்வி எழுத நன்றாக வாசிக்கும் நாலு பேர். அந்த நாலு பேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

ஒரே ஒரு நிபந்தனை. முதல் வருடம் தமிழின் பெருமையைப் பற்றி ஒரு கேள்விகூட வேண்டாம். எரிமலை கேளுங்கள், பூப்பந்து கேளுங்கள், குறைகடத்தி கேளுங்கள், பக்கத்துத் தெருச் சீனக் கோயிலைப் பற்றிக் கேளுங்கள். தமிழில் கேளுங்கள்.