சங்கிலியின் சரித்திரம்

தமிழில் ஒரு மனிதனை அவமானப்படுத்த வசவுச் சொல் தேவையில்லை. ஊர்ப் பெயரே போதும். சென்னைக்காரர் 'கீழ்ப்பாக்கம்' என்பார். ராமநாதபுரத்துக்காரர் 'ஏர்வாடி' என்பார். மற்ற ஜில்லாக்காரர்கள், 'இவனைக் குற்றாலத்துக்குக் கொண்டுபோய் அருவியிலே நிறுத்துங்கள்' என்பார்கள். அந்த அருவிக்கு நடந்து போகிற தூரத்தில், மேலகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவன் நான். இந்த ஹாஸ்யத்துக்கு எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

மனநோய் வைத்தியத்தின் சரித்திரத்தைப் பற்றிச் சமீப காலத்தில் புத்தகங்கள் ஏராளமாக வருகின்றன. நல்ல காரியம். ஆனால் அவற்றிலிருந்து தனக்கு வேண்டியதை மட்டும் பிய்த்துக்கொண்டு இரண்டு கட்சிகள் மல்லுக்கு நிற்கின்றன. ஒன்று டாக்டர் கட்சி. மற்றது பாட்டன் கட்சி. நான் டாக்டரும் அல்ல, பேராசிரியரும் அல்ல, கதை எழுதுகிறவன். ஆகவே கதை எங்கே ஜோடிக்கப்படுகிறது என்பது மட்டும் எனக்குச் சட்டென்று தெரிந்துவிடும்.

டாக்டர் கட்சியின் கதை இது: உலகமெல்லாம் மூடநம்பிக்கை இருட்டில் கிடந்தது. பாரிஸ் நகரத்தில் பினேல் என்ற மகான் தோன்றினார். பைத்தியங்களின் சங்கிலியை உடைத்தார். அன்று முதல் வெளிச்சம். அந்தக் காட்சியை 1876-இல் பெரிய சித்திரமாகவே தீட்டி வைத்தார்கள். சரித்திர ஆராய்ச்சியாளர்கள் துருவிப் பார்த்தபோது வேறு சங்கதி வெளிவந்தது. பிசேத்ர் என்ற விடுதியில் 1797-இல் சங்கிலியை அகற்றியவர் டாக்டரே அல்ல. புசேன் என்ற மேற்பார்வையாளர். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை கண்டு அதே விடுதிக்கு நோயாளியாக வந்து சேர்ந்தவர். பினேல் அவரிடம் கற்றுக்கொண்டவர். அதை மறைத்தவரும் அல்ல. தகப்பனாருக்குக் கிரீடம் சூட்டிக் கதையை மாற்றியதில் பினேலின் மகனுக்குப் பெரும் பங்கு உண்டு. வெளிச்சம் வந்த பிற்பாடு நடந்ததையும் சொல்ல வேண்டும் அல்லவா? மூளையின் நரம்பிழைகளைத் துண்டிக்கும் சிகிச்சைக்காகப் போர்ச்சுகல் டாக்டர் மோனிஸுக்கு 1949-இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். அந்தச் சிகிச்சைக்கு ஆளாகி நடைப்பிணமானவர்களின் சித்திரத்தை யார் தீட்டினார்கள்?

இதைக் கேட்டதும் பாட்டன் கட்சிக்கு உற்சாகம் பொங்கும். 'பார்த்தீர்களா! எல்லாம் நம்மிடமே இருந்தது' என்பார்கள். சர்ப்பகந்தா வேரைக் காட்டுவார்கள். அது உண்மைதான். அந்த வேர் புத்தி பேதலித்தவர்களுக்குக் கொடுக்கத் தகுந்தது என்று கல்கத்தாவிலிருந்து கணநாத சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931-இல் எழுதினார்கள். ஸ்விட்ஜர்லாந்து கம்பெனி ஒன்று 1952-இல் அதிலிருந்து ரெஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது. மேல்நாட்டு ஆஸ்பத்திரிகள் அதைக் கையாண்டன. கோயிலையும் காட்டுவார்கள். அதிலும் உண்மை உண்டு. தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 நோயாளிகளைப் பரிசோதித்த ஆராய்ச்சி ஒன்று 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்தது. நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவிகிதம் தணிந்திருந்தது. விசேஷமான சடங்கு ஒன்றுமில்லை. மரியாதையான ஒதுங்கிடம் கிடைத்ததே மருந்தாயிற்று என்றார்கள்.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முந்தைய வருஷத்தை மறந்துவிடலாமா? 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களை வைத்துக் காசு பார்த்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களின் காலில் சங்கிலி. 28 பேர் மாண்டார்கள். வேர் நம்மிடம் இருந்தது வாஸ்தவம். சங்கிலியும் நம்மிடம்தான் இருந்தது.

பேராசிரியர்கள் சிலர் மூன்றாவது வழி சொல்கிறார்கள்: பைத்தியக்கார விடுதி என்பதே வெள்ளைக்காரன் நம்மை அடக்க வைத்த பூட்டு என்று. சென்னையில் 1794-இல் கனோலி என்ற சர்ஜன் நடத்திய விடுதியும், 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த சர்க்கார் விடுதியும் அவர்களுக்குச் சாட்சி. ஆனால் வால்ட்ராட் எர்ன்ஸ்ட் அம்மையார் முதலானோர் கம்பெனிக் காலத்து தஸ்தாவேஜுகளைப் புரட்டி எழுதியதைக் கவனியுங்கள். அந்த விடுதிகளில் அடைபட்டவர்கள் இந்த தேசத்தின் ஜனத்தொகைக்கு முன்னால் சொற்பத்திலும் சொற்பம்.

அப்படியானால் மற்றவர்கள் எங்கே இருந்தார்கள்? இந்தக் கேள்விக்குத்தான் மூன்று கட்சியும் பதில் சொல்வதில்லை. பதில் நமக்குத் தெரியும். அவர்கள் நம் வீட்டில் இருந்தார்கள். பின்கட்டில், மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய அறையில், மாடிப்படிக்குக் கீழே இருந்தார்கள். பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணில் படாமல் இருந்தார்கள். சாரல் காலத்தில் அழைத்துவரப்பட்டு, கை கால் கட்டோடு, அருவியின் கீழே தலையை நீட்டியபடி நின்றார்கள். (இதில் வெட்கப்படவோ பெருமைப்படவோ ஒன்றுமில்லை, 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய விடுதிகளிலும் தலையில் குளிர்ந்த நீரைத் தாரையாக விட்டுத்தான் வைத்தியம் செய்தார்கள்.) அவர்களுக்கு தஸ்தாவேஜு கிடையாது. தஸ்தாவேஜு இல்லாத இடத்தில் சரித்திரக்காரருக்கு வேலை இல்லை. கதாசிரியர்களாவது எழுதினார்களா என்றால், நம் கதைகளில் பைத்தியம் எதற்கு வருகிறது? துரோகம் செய்தவனுக்குத் தண்டனையாக; ஏமாந்த பெண்ணுக்கு முடிவாக; அல்லது இடைவேளைக்கு முன் கொஞ்சம் சிரிக்க.

எங்கள் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சியில் வேறு விதமாகச் செய்தார். வசந்தவல்லி நிலைகொள்ளாமல் தவிக்கிறாள். பாங்கி அவளைக் கட்டிப் போடவில்லை. என்னம்மா உனக்கு என்று கேட்கிறாள்; அவள் சொல்கிறாள். அது காதல் நோய், காவியச் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். நோய்ப்பட்டவளின் வாயிலிருந்து நோயைக் கேட்பது என்ற சாதாரண மரியாதையைப் பற்றிச் சொல்கிறேன். நம் பின்கட்டுகளுக்குப் பாங்கி வந்ததே இல்லை.

குடும்பங்களைக் கொடியவர்கள் என்று நான் தூற்றவில்லை. போக்கிடமில்லாத தாய் தன் மகனைக் கட்டி வைத்ததற்கு நியாயாதிபதியாக இருக்க எனக்கு யோக்கியதை இல்லை. வழி காட்டினால் குடும்பம் என்ன செய்யும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியின் உறவினர்களை ஆஸ்பத்திரி வளைவுக்குள்ளேயே கூடாரம் போட்டுத் தங்கச் செய்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியும் அந்த வழியைப் பின்பற்றி, குடும்பத்தாரையும் உடன் தங்க வைத்தது. மேல்நாடு குடும்பத்தை வாசலில் நிறுத்திய காலத்தில் நம் டாக்டர்கள் உள்ளே அழைத்தார்கள். பெருமை பேச வேண்டுமானால் பாட்டன் கட்சி இதைப் பேசட்டும்.

2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. சட்டம் ஆஸ்பத்திரிக்குள் போகும், விடுதிக்குள் போகும். பின்கட்டுக்குள் யார் போவது?

ஒவ்வொரு குடும்பத்திலும் பேர் சொல்லப்படாத ஒரு சித்தப்பாவோ அத்தையோ உண்டு. கல்யாணப் பத்திரிகையில் அவர்களுடைய பெயர் இருக்காது. பழைய போட்டோவில் ஓரமாக நிற்பார்கள். வீட்டில் முதியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு வையுங்கள்: அவர் பெயர் என்ன, என்ன பேசுவார், எது கேட்டுப் பயந்தார், அவர் காலில் என்ன இருந்தது? மனநோயின் சரித்திரம் பாரிஸிலும் கீழ்ப்பாக்கத்திலும் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதியை வாய் திறக்காமல் வைத்திருப்பவர்கள் நாம்.