கைப்பேசியில் கண்ட வீடு



பிழைப்புக்காகக் கடல் கடந்து வாழும் நம் சமுதாயத்துச் சகோதரர்களிடம் அண்மைக் காலமாக ஓர் ஆசை பரவி வருவதைக் காண்கிறோம். சொந்த ஊரில் குடும்பம் வாழ ஒரு வீடு ஏற்கெனவே இருக்கிறது. அது போக, விடுமுறையில் வந்து தங்கவும் பிற்காலத்தில் ஓய்ந்திருக்கவும் கடலோரத்தில் இன்னொரு வீடு வேண்டும் என்கிறார்கள். தரகர் அனுப்பும் படங்களைப் பார்த்து, காணொளி அழைப்பில் அறை அறையாகச் சுற்றிக் காட்டச் சொல்லி, வங்கி வழியே முன்பணமும் அனுப்பிவிடுகிறார்கள்.

இந்த ஆசையை நாம் குறை சொல்லவில்லை. மனிதனின் நற்பேறுகளில் விசாலமான இல்லமும் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். அதே பட்டியலில் நல்ல அண்டை வீட்டாரையும் அவர்கள் சேர்த்தார்கள். நாம் எழுத வந்தது அந்த இரண்டாவது பேற்றைப் பற்றித்தான். விசாலத்தைக் கைப்பேசி காட்டிவிடும். அண்டை வீட்டாரை அது காட்டுவதில்லை.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது தம்மாமில் பணியாற்றுகிறார். ஓர் இரவு அழைத்து, இராமேசுவரம் தீவில் பாம்பன் பக்கம் ஒரு வீடு விலைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். விற்பவரும் நம் சமுதாயத்தவரே. பட்டா அவர் பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்றிலும் ஒன்றுமில்லை. இரண்டு நாளில் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குப் போய்விடுமாம். “ஹஜ்ரத், நேரில் பார்க்காமல் வாங்குவது கூடுமா?” என்று கேட்டார்.

நாம் உடனே சட்டம் சொன்னோம். ஹனஃபி மத்ஹபில் பார்க்காத பொருளை வாங்குவது செல்லும்; பார்த்த பிறகு ஏற்கவோ மறுக்கவோ வாங்கியவருக்கு உரிமை உண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் தொலைவிலிருந்த ஒரு நிலத்தைத் தல்ஹா (ரலி) அவர்களுக்கு விற்றபோது, திரும்பப் பெறும் உரிமை யாருக்கு என்ற பேச்சு எழுந்தது. ஜுபைர் இப்னு முத்இம் (ரலி) அவர்கள் அவ்வுரிமை வாங்கியவருக்கே என்று தீர்ப்பளித்த செய்தியை ஹனஃபி அறிஞர்கள் இதற்கு ஆதாரமாக எடுத்துக்காட்டுவார்கள். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, பார்க்காத பொருளின் விற்பனை செல்லாது. மாணவர் ஷாஃபிஈ. ஆகவே, “உமக்காக ஒப்பந்தம் செய்யும் வக்கீல் பார்த்தால் போதும், தம்பி. அவர் கண் உம் கண்” என்றோம்.

சொன்னது சட்டப்படி சரிதான். ஆயினும் தொலைபேசியை வைத்த பிறகு உறக்கம் வரவில்லை. அந்தக் கண் யாருடைய கண் என்று நாம் கேட்கவே இல்லையே! அவருக்காக வீட்டைப் பார்த்தவர், இருபுறமும் தரகு வாங்கும் ஒருவர். விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் கூலி. முடியாமல் போவதற்கான காரணம் எதுவும் அவர் கண்ணில் படுமா? மறுநாள் மாணவரை அழைத்து, நாம் போய்ப் பார்த்து வரும்வரை பணம் அனுப்ப வேண்டாம் என்றோம்.

பாலத்துக்கு அப்பால்

மண்டபத்தைக் கடந்து, 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் ஏறினால் இருபுறமும் கடல். 1914-இல் தொடங்கிய பழைய இரயில் பாலமும், 2025-இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் பக்கத்திலேயே தெரிந்தன. பாலம் வந்த பிறகு தீவு எல்லோருக்கும் எட்டும் இடமாயிற்று. வெளியூர்ப் பணமும் நிலத்தைத் தேடி வருகிறது.

வீடு படத்தில் இருந்தது போலவே இருந்தது. ஆனால் உப்புக் காற்றில் சன்னல் கம்பிகள் துருவேறியிருந்தன. மேல்தளத்தில் காரை பெயர்ந்த இடத்தில் உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தது. காணொளியில் அந்த மூலை வரவில்லை. இதை நாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பழுது பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்து வீட்டு வாசலில் அறுபது வயதை ஒட்டிய பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். தண்ணீர் கொடுத்தார். வீட்டைப் பார்க்க வந்தோம் என்றதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: “எங்க வாப்பா கட்டின வீடு, ஆலிம்சா. காக்கா விக்கிறாருன்னு ஊர்ல சொல்லித்தான் தெரியும். எங்ககிட்ட யாரும் கேக்கல. கேட்டா குடும்பம் ஒடஞ்சிரும்னு நாங்களும் வாயத் தொறக்கல.”

அவர்கள் மூன்று சகோதரிகள், ஒரு சகோதரர். பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். அல்லாஹ் வகுத்த பங்கின்படி அந்த வீட்டை ஐந்தாகப் பிரித்தால் இரண்டு பங்கு சகோதரருக்கு, சகோதரிகளுக்குத் தலா ஒரு பங்கு. இரண்டு பங்குக்கு உரியவர் ஐந்து பங்கையும் விற்கத் துணிந்திருக்கிறார். நம் மாணவர் வாங்கியிருந்தால், அவர் தொழும் அறையில் பாதிக்கும் மேல் பிறர் சொத்தாக இருந்திருக்கும். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு மறுமையில் உள்ள கழுத்துச் சுமையைப் பற்றி நாம் மேடைதோறும் பயான் செய்கிறோம். தொலைபேசியில் ஒரு நிமிடத்தில் நாம் சொன்ன ஆகுமான தீர்ப்பு, அந்தச் சுமையை ஏற்றிவிட இருந்தது.

தாள் சொல்லாதவை

பட்டா அவர் பெயரில் இருந்தது பொய்யன்று. ஆனால் பட்டா வருவாய்த்துறையின் பதிவு. அது மட்டுமே முழு உரிமைக்குச் சான்றாகிவிடாது. தந்தை இறந்ததும் மூத்த மகன் பெயருக்கு மாற்றிக்கொள்வது நம் ஊர்களில் வழக்கம். வில்லங்கச் சான்றும் பொய் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்துக்கு வந்த ஆவணங்களை மட்டுமே அது காட்டும். வாரிசுரிமையோ மரணம் நிகழ்ந்த கணத்திலேயே, எந்தப் பதிவும் இல்லாமல் வந்து சேர்ந்துவிடுகிறது. முஸ்லிம்களிடையே வாய்மொழியாகச் சொல்லி, உடைமையையும் ஒப்படைத்துச் செய்த ஹிபாவும் இந்தியச் சட்டத்தில் செல்லும். அதையும் வில்லங்கச் சான்றில் தேடிக் காண முடியாது. ஒரு காலத்தில் பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்யப்பட்ட மனையா என்பதையும் ஊர் ஜமாஅத்தாரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

எனவே நம் சகோதரர்களுக்குச் சொல்கிறோம். விற்பவர் முஸ்லிமாக இருந்தால் முதலில் கேட்க வேண்டியது விலையன்று, “உங்கள் சகோதரிகள் எத்தனை பேர்?” என்பதே முதற்கேள்வி. வாரிசுச் சான்றைப் பெறுங்கள். ஒவ்வொரு வாரிசும் கிரயப் பத்திரத்தில் கையொப்பமிட வேண்டும். அல்லது முறையாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அந்த விடுதலையும் மனமுவந்து தந்ததா, வெட்கத்தாலும் அச்சத்தாலும் தந்ததா என்று விசாரியுங்கள். மூலப்பத்திரத்தை உங்களிடம் கூலி வாங்கும் வழக்கறிஞர் ஒருவர் படிக்கட்டும். தரகர் காட்டும் வழக்கறிஞர் வேண்டாம்.

கடலோரத்துக்கே உரிய விசாரணைகளும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து எத்தனை தூரத்தில் வீடு இருக்கிறது என்று அறியுங்கள். 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊரகப் பகுதிகளில் 200 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை விதித்தது. 2019-இன் அறிவிக்கை, மக்கள் நெருங்கி வாழும் ஊரகப் பகுதிகளுக்கு அதை 50 மீட்டராகக் குறைத்தது. கடலைப் பார்த்த சன்னல் என்று விற்கப்படும் வீடு, அனுமதி பெற்ற வீடுதானா என்று பாருங்கள். 1964 டிசம்பர் புயலில் இதே தீவின் தனுஷ்கோடி அழிந்ததை அங்குள்ள முதியவர்கள் மறக்கவில்லை. தென்னந்தோப்புடன் வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. வெளிநாடுவாழ் இந்தியர் விவசாய நிலத்தையோ தோட்டத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் இடம் தருவதில்லை.

வர இயலாதவர் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அதை இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி பெற்று அனுப்பி, இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். ஆனால் யார் பெயருக்கு அதை எழுதுகிறீர்கள் என்பதுதான் முதன்மையானது. இந்த ஒரு வீட்டை வாங்க மட்டும் என்று எல்லை வகுத்து எழுதுங்கள். வக்கீலின் கண் உங்கள் கண் என்று ஃபிக்ஹு சொல்வது, கண்ணைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பையும் உங்கள் தலையில் வைத்துத்தான்.

வாங்கிய பிறகு

வட்டிக் கடனில் வாங்கும் இரண்டாவது வீட்டுக்கு ‘நிர்ப்பந்தம்’ என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். தலைக்கு மேல் கூரை இல்லாதவரின் நிலை வேறு. கடற்காற்று வேண்டுபவரின் நிலை வேறு. தங்குவதற்காக வாங்கிய வீட்டின் மதிப்புக்கு ஸகாத் இல்லை. வாடகை வந்தால், கையில் சேர்ந்து நிற்கும் பணத்துக்கு உண்டு. விலை ஏறியதும் விற்பதற்கென்றே வாங்கியிருந்தால் அது வணிகப் பொருள். ஆண்டுதோறும் அதன் சந்தை மதிப்பில் இரண்டரை விழுக்காடு கடமையாகும்.

இன்னொன்றும் உண்டு. ஆண்டில் பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கும் வீடும் ஒரு தெருவுக்கு அண்டை வீடுதான். மணற்பாங்கான தீவுகளில் நன்னீர், உப்புநீரின் மேல் மெல்லிய படலமாகவே நிற்கிறது. நாம் வரும் அந்த ஒரு மாதத்தில் ஆழ்துளைக் கிணற்றில் பெரிய மோட்டார் வைத்து இறைத்தால், பக்கத்து வீட்டுக் கிணறு உப்பாகலாம். நாம் ஊர் திரும்பிவிடுவோம். அவர்கள் அந்த நீரைத்தான் குடிக்க வேண்டும். சாவியை நம்பகமான அண்டை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். வந்து இறங்கிய முதல் நாளிலேயே தெருப் பள்ளிவாசலில் ஸலாம் சொல்லுங்கள். அங்கே பிறந்து வளர்ந்த மீனவரின் மகனுக்கு அதே தெருவில் ஒரு மனை வாங்க முடியாமல் போனதற்கு நம் பணமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்ற நினைவு இருந்தால், நடையில் பணிவு தானாக வரும்.

அந்தப் பாம்பன் வீடு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மாணவர் முன்பணத்தை நிறுத்திவைத்து, நால்வரும் கையொப்பமிட்டால் மட்டுமே வாங்குவேன் என்றார். விற்பவர் நம்மீது கடும் கோபம் கொண்டார். ஓதிக் கொடுக்கும் ஆலிமுக்குத் தரகு வேலை எதற்கு என்று ஊரில் பேசினார். பொறுத்துக்கொண்டோம். ஜமாஅத்துப் பெரியவர்கள் இருபுறமும் பேச, ஐந்து மாதம் கழித்து நான்கு கையொப்பங்களுடன் பத்திரம் பதிவாயிற்று. சகோதரிகளின் பங்குத்தொகை அவரவர் வங்கிக் கணக்கிலேயே சேர்ந்தது. சகோதரர் இன்றும் நம்மிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அல்லாஹ் அவர் உள்ளத்தை மென்மையாக்குவானாக.

சென்ற விடுமுறையில் மாணவர் மனைவி மக்களோடு அங்கே பதினைந்து நாள் தங்கினார். முதல் நாள் சோறு பக்கத்து வீட்டிலிருந்து வந்ததாம். தம் தந்தை கட்டிய வீட்டில் இனி வாழப்போகிறவர்களுக்காக அந்தப் பெண்மணி அனுப்பிய சோறு அது. அதை மனச்சுமையின்றி உண்ணும் நிலையில் நம் மாணவர் இருந்தார் என்பதே நமக்குப் போதுமான ஆறுதல். அல்ஹம்து லில்லாஹ்.

இப்போது யாரேனும் அழைத்து, பார்க்காமல் வாங்குவது கூடுமா என்று கேட்டால் நாம் மத்ஹபுச் சட்டத்தில் தொடங்குவதில்லை. “பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், தம்பி?” என்று கேட்கிறோம். பெரும்பாலோருக்குப் பதில் தெரிவதில்லை. தெரிந்துகொண்டு மறுபடி அழையுங்கள் என்கிறோம்.

வஸ்ஸலாம்.